கொடிக்கம்பத்தடியில் எங்கள் வீட்டு முறை

1

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். என் கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூட லீவுக்கென்று மும்பைக்கு வந்தார்கள், கல்யாணமாகித்தான் இந்த வீட்டை விட்டுப் போனார்கள். ஏழு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். ஒருத்தன் குர்லாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒருத்தி செம்பூரில் நர்ஸாக இருக்கிறாள். மற்றவர்களைப் பற்றியும் சொல்லலாம், பெருமைக்குச் சொல்கிறாள் என்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மலர் போடுகிறார்களாம். போனில் கூப்பிட்டு, "ஆச்சி, தாராவியில நீங்க பட்ட கஷ்டத்தையெல்லாம் எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். கஷ்டத்தை எழுத எனக்கு மனசில்லை. பட்டது பட்டாயிற்று, அதைத் திரும்ப எடுத்துத் துவைப்பானேன்? போன குடியரசு தினத்தன்று எங்கள் சந்தில் ஒன்று நடந்தது. அதை எழுதுகிறேன், பிடித்தால் போடுங்கள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, அதற்கப்புறம் ஒரு பக்கம். அவ்வளவுதான் ஓடும். எனக்கு அவசரமில்லை. உங்களுக்கு அவசரமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

2

எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நின்று வழிவிட வேண்டும். கீழே ஒரு வீடு, அதன் தலைமேல் ஒரு வீடு. மேல் வீட்டுக்கு இரும்பு ஏணி. சந்து முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டவெளி. அங்கேதான் குழாய் இருக்கிறது. குழாய்க்குப் பக்கத்தில் கொடிக்கம்பம்.

பாதிப் பேர் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அதில் கடையநல்லூர் பக்கமிருந்து வந்த சாயபுமார் வீடுகளும் உண்டு, தோல் பை தைக்கிற தொழில். மீதி மராத்திக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில்தான் அந்தக் கம்பத்தை நட்டார்கள். கம்பம் நட்டதும் வந்த முதல் குடியரசு தினம். யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. கொடி ஏற்றுகிறார்கள் என்றால் என்ன செய்வோம்? கொடை நாளுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தோம். தரையைக் கழுவி கோலம் போட்டோம். கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினோம். நம் ஊரில் புதுச் சைக்கிள் வாங்கினாலே பொட்டு வைக்கிறோம், நாட்டுக்கு வைக்க மாட்டோமா?

கொடி ஏறியது. பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நான் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு முன்னால் போனேன். சந்திலேயே நான்தான் புது மருமகள், என்னைத்தான் ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள். இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"அரே மாயி, ஏ ஜண்டா ஹை! ஆக் லகேகி!"

கொடிம்மா இது, தீப்பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு ஹிந்தி தெரியாது. ஆரத்தியில் காசு போட வருகிறார் போல என்று நினைத்து தட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டேன். அவர் மீசையைக் காப்பாற்றிக்கொண்டு தட்டைப் பிடுங்கிக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். கற்பூரம் சுஸ் என்றது.

பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். எங்கள் வீட்டு அவுகதான் ஹிந்தியில் பேசினார்கள். வெறும் பாட்டைப் பாடிவிட்டுப் போவதா, நாட்டுக்கு ஒரு நல்ல நாள், நாலு பேர் கூடி நிற்கிறோம், ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் கலைவதா என்று கேட்டார்கள். போலீஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: நெருப்பு வேண்டாம், தேங்காய் வேண்டாம், முழுச் சந்தும் சேர்ந்து வாயால் வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். சொல்லிவிட்டு கேசரியை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

அன்று தொடங்கியதுதான் எங்கள் கொடிக்கம்பத்துப் பிரார்த்தனை. இன்றுவரை நிற்கவில்லை.

3

வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. ஆகஸ்டு மாதத்தில் மழை ஊற்றும், அதனால் ஜனவரியில் மட்டும். முறைக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் முன்னால் வந்து, அவர்கள் வீட்டில் பேசுகிற பாஷையிலேயே ஒன்றே ஒன்று வேண்ட வேண்டும். பிறகு அதை ஹிந்தியில் ஒருதரம் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. மந்திரம், ஓதுகிறது, ஜெபப் பாட்டு இதெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சந்துக்காக வேண்டலாம், ஊருக்காக, நாட்டுக்காக வேண்டலாம். சொந்த வீட்டுக்கு வேண்டக் கூடாது. வேண்டி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "அப்படியே ஆகட்டும்" என்று அவரவர் பாஷையில் சொல்வோம். ஒரே நேரத்தில் சொல்வதால் ஒன்றும் புரியாது, தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும்.

துரைராஜ் அண்ணாச்சி என்று ஒருவர், மளிகைக் கடைக்காரர், சந்துக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். அவர் முறை வந்தபோது, "என் கடை முன்னாடி சாக்கடைக்கு மூடி போடணும்" என்று வேண்டினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "சந்துல உள்ள சாக்கடைக்கெல்லாம்னு சொல்லும்வே!" என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள். மாற்றிச் சொன்னார். அப்புறம்தான் ஆகட்டும் என்றோம். அதோடு விட்டாரா? கமிட்டி என்ன செய்தது, செய்யப்போகிறது என்று பேச ஆரம்பித்து, வெயிலில் இரண்டு பிள்ளைகள் மயங்கி உட்கார்ந்துவிட்டன. அன்றிலிருந்துதான் புது ஏற்பாடு: வீட்டில் பேசத் தெரிந்தவர்களில் யார் சின்னவரோ அவர்தான் முன்னால் வர வேண்டும். சின்னப் பிள்ளைகள் சுருக்கமாகப் பேசும்.

ஒரு வீட்டுக்கு முறை வந்து போனால் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். எங்கள் வீட்டுக்குப் போன முறை வந்தபோது எங்கள் வீட்டு அவுக வேண்டினார்கள். இந்தச் சந்தில் பிறக்கிற பிள்ளை எதுவும் படிப்பைப் பாதியில் விடக் கூடாது என்று வேண்டினார்கள். இப்போது அவுக இல்லை. இந்த வருஷம் மறுபடியும் எங்கள் வீட்டு முறை. அடுத்த தடவை வரும்போது நான் இருக்க மாட்டேன். அதனால் இந்தக் கார்த்திகை பிறந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேசரிக்கு முந்திரி வாங்கி வைத்தேன். பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுத்தேன்.

4

பேத்தி பெயர் ஹர்ஷினி. என் கடைசி மகனுடைய மகள், எங்கள் வீட்டில் சின்னவள். எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். வீட்டில் என்னோடு தமிழ் பேசுவாள், தெருவில் ஹிந்தி, டீச்சரோடு இங்கிலீஷ், சண்டை போட மராத்தி. தமிழ் வாசிக்கச் சொன்னால் மட்டும் கல்லில் நடக்கிற மாதிரி நடப்பாள். ஊருக்குப் போனால், நானும் அவளும் சேர்ந்து பழனி பஸ்ஸின் பலகையை வாசிப்பதற்குள் பஸ் போய்விடும்.

அவளுக்குக் குடிமையியல் எடுப்பது சாவந்த் டீச்சர். மராத்திக்காரி, நல்ல மாதிரி. டிசம்பரில் அந்த டீச்சர் ஒரு பாடம் நடத்தினாளாம். நம் நாட்டின் பொது வாழ்க்கையில் பிரார்த்தனைக்கு ஒரு இடம் உண்டு என்று பாடம். காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கைகூப்புவது, நாட்டுக்காக உயிர்விட்டவர்களுக்கு எழுந்து நின்று தலை குனிவது, சுதந்திரத்துக்குப் போராடினவர்கள் பல மதத்துப் பாட்டுகளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடியது, இதெல்லாம் கோயில் பழக்கம் மட்டுமில்லை, குடிமக்கள் பழக்கம் என்று சொன்னாளாம். உங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து நிற்கிற பிரார்த்தனை எது, கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

ஹர்ஷினி வந்து, "ஆச்சி, நம்ம கல்லியில அப்படி ஏதாச்சும் இருக்கா?" என்றாள். கல்லி என்றால் சந்து.

"ஏட்டி, வருஷா வருஷம் நின்னு கேசரி திங்கியே, அது என்னதாம்?"

"அது ஜண்டா வந்தன், கொடி வணக்கம் இல்ல?"

"அதுக்குப் பெறவு எதுக்கு வாயத் தொறந்து ஆகட்டும்னு சொல்லுத?"

"நான் கேசரி வரட்டும்னு சொல்லுதாங்கன்னு நெனச்சேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு மைமூன் எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரர் மீசைக் கதையை மூன்று தடவை சொல்ல வைத்தாள். மறுநாள் வகுப்பில் அவள் சொன்னதும் டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போய், குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி முடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் சந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு கடிதாசி. இங்கிலீஷில் ஒன்று, மராத்தியில் ஒன்று. வெளியே போவதற்கு அம்மா கையெழுத்து, அப்பா கையெழுத்து, கமிட்டித் தலைவர் கையெழுத்து. தன் வீட்டுக்குத் தானே வருவதற்கு என் பேத்தி பெர்மிஷன் வாங்கினாள். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுக் கமிட்டி சீலும் குத்தினார். கேட்காத இடத்திலும் இரண்டு குத்தினார்.

5

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். ஹர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, நான் வேண்டிக்க மாட்டேன்."

"என்னது?"

"கொடிக்கிட்ட. மத்லப், அதாவது, முன்னாடி வருவேன். ஆனா சாமிகிட்ட கேட்க மாட்டேன்."

டீச்சர் பாடத்தில் இரண்டாம் பாகம் நடத்தியிருக்கிறாள். சட்டசபைக்கு, பாராளுமன்றத்துக்குப் போகிறவர்கள் பதவி ஏற்கும்போது ஆண்டவன் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இந்த நாடு இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டாள் இவள்.

"எனக்குச் சாமி இருக்கா இல்லையான்னு தெரியல ஆச்சி. தெரியாம எல்லார் முன்னாலயும் இருக்குன்னு சொன்னா அது ஜூட்டு. கொடி முன்னாடி பொய் சொல்லலாமா?"

"நாங்கள்லாம் பொய்யா சொன்னோம்?"

"ஒங்களுக்கு நம்பிக்கை இருக்கு. ஒங்களுக்கு அது பொய் இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். "வருஷா வருஷம் முக்கால்வாசிப் பேர் தண்ணி நல்லா வரணும்னுதான் வேண்டுதாங்க. வந்துச்சா?"

கையிலிருந்த இட்லி கையிலேயே இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பை அவள் பக்கம் தள்ளுவேன், அவ்வளவுதான். என் முறை, கடைசி முறை, அதில் அம்மன் பெயர் சொல்லாத ஒரு பிள்ளை போய் நிற்பதா? அவுக நின்ற இடத்தில்?

மைமூனிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், என்னை மைனி என்பாள். பை ஒன்றுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"புள்ள வர மாட்டேன்னா சொல்லிச்சு?"

"வருவாளாம். சாமியைக் கூப்பிட மாட்டாளாம்."

"மைனி, எங்கள்ல நிய்யத்து, மனசுல உள்ள எண்ணம்தான் முதல்ல. மனசுல இல்லாம ஆயிரம் தடவை குனிஞ்சாலும் அது எக்சர்சைஸ்தான். ஒங்க பேத்தி உள்ளதைச் சொல்லுது. சந்தோசப்படுங்க."

"நீ சொல்லுவ. ஒங்க வீட்டு முறை முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? எம்மவன் அன்னைக்கி பயத்துல என்ன வேண்டுனான், ஞாபகம் இருக்கா? 'சீக்கிரம் கேசரி குடுங்க'ன்னுல்லா வேண்டுனான். எல்லாரும் ஆகட்டும்னு சொன்னிய!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் மனசு ஆறவில்லை.

6

எப்படியோ விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. சந்தில் ரகசியம் என்பது கொடியில் காய்கிற துணி மாதிரி. கடைக்குப் பருப்பு வாங்கப் போனபோது தராசைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"மைனி, தப்பா நெனைக்காதிய. சாமி பேரு இல்லேன்னா அது பிரார்த்தனை இல்ல, மீட்டிங் பேச்சு. டீச்சர் வேற வாராவ. இந்த வருஷம் முறையை அடுத்த வீட்டுக்கு மாத்திருவோம். ஒங்களுக்குப் பெறவு பாத்துக்கிடலாம்."

பெறவு. எனக்கு ஏது பெறவு?

இரண்டு நாளாக அவர் சொன்னதையேதான் நானும் மனசில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. என் பேத்தியை இன்னொருவர் சொன்னால் கேட்டுக்கொண்டு வருவேனா? பையைக் கீழே வைத்தேன்.

"எங்க வீட்டு முறையைத் தூக்கிக் குடுக்கதுக்கு அது என்ன ஒங்க கடைச் சரக்கா? போலீஸ்காரர் வாயால வேண்டுங்கன்னாரு. இன்ன பேரைச் சொல்லித்தான் வேண்டணும்னா சொன்னாரு?"

"அதுக்காக? சாமியைக் கூப்பிடாம யார்கிட்ட கேக்க?"

"ஷிண்டே அண்ணன் யார்கிட்ட கேட்டாரு?"

கடைக்கு நேர் எதிரே, மேல் வீட்டில் தனியாக இருப்பவள் ஷிண்டே காகு. காகு என்றால் மராத்தியில் சித்தி. முழங்கால் வீங்கிப்போய் ஏணியில் இறங்க முடியாதவள். அவள் வீட்டுக்காரர்தான் அந்த ஷிண்டே அண்ணன், மில் வேலை பார்த்தவர். மில்லை மூடின வருஷம் அவர்கள் வீட்டு முறை. முன்னால் வந்தார், வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதார். ஒரு சாமி பெயரும் சொல்லவில்லை. முழுச் சந்தும் சேர்ந்து ஆகட்டும் என்று சொன்னோம். அன்றைக்குச் சொன்ன மாதிரி சத்தமாக எந்த வருஷமும் சொன்னதில்லை.

அண்ணாச்சியும் அன்று அங்கே இருந்தவர். தராசைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் சத்தத்தைக் கேட்டு மேலே ஜன்னல் திறந்தது. காகு எட்டிப் பார்த்து, "காய் ஜாலா?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். என்ன சொல்ல? ஒன்றுமில்லை, பருப்பு விலை பேசுகிறோம் என்றேன்.

"சரி மைனி," என்றார் அண்ணாச்சி. "புள்ள பேசட்டும். ஆனா ஒண்ணு. அது சரியா அமையலேன்னு வைங்க, நானே எந்திச்சு முறைப்படி வேண்டிருவேன். டீச்சர் முன்னால நம்ம சந்து மானம் போவக் கூடாது."

வீட்டுக்கு வந்து ஹர்ஷினியிடம் பேசினேன். "ஏட்டி, நீ சாமியைக் கூப்பிட வேண்டாம். ஆனா நீ அங்க நின்னு என்ன சொல்லுவன்னு எனக்கு மொதல்ல சொல்லு."

"இன்னும் தெரியாது ஆச்சி."

"தெரியாதா? நாலு நாள்தாம்ட்டி இருக்கு!"

"தெரிஞ்சதும் சொல்லுதேன்." சொல்லவில்லை. தினமும் விடியக்காலையில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது, தூக்கம் வரவில்லை என்று நினைத்தேன்.

7

அன்றைக்கு வெயில் இதமாக இருந்தது. கோலம் போட்டோம். கம்பத்துக்கு மாவிலை, பொட்டு எல்லாம் வைத்தோம், அதை எந்தப் போலீஸ்காரரும் தடுத்ததில்லை. கொடிக்குள் பூ வைத்துக் கட்டியது மைமூன். சாவந்த் டீச்சர் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு வந்தாள். சந்துக்குள் பக்கவாட்டில் திரும்பி நடக்கத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஷிண்டே காகு மேலே ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள். கொடி ஏறியது, பூ கொட்டியது, பாடினோம்.

அண்ணாச்சி என் வீட்டுப் பெயரைச் சொன்னார். ஹர்ஷினி முன்னால் போனாள். பட்டுப்பாவாடை தரையில் இழுபட்டது, ஒரு சுற்று நீளமாக எடுத்துவிட்டேன். மைமூன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை கும்பிடவில்லை. கையைக் கட்டவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உறுதிமொழிக்கு நீட்டுகிற மாதிரி வலது கையை முன்னால் நீட்டினாள்.

"எனக்குக் கேட்கத் தெரியல. அதனால கேட்கல. நான் ஒண்ணு சொல்லுதேன். நம்ம சந்துல மேல் வீட்டு ஷிண்டே காகுவால எறங்க முடியாது. கயித்துல டப்பா கட்டி விடுதாங்க. எல்லாரும் பிடிச்சு முடிச்ச பெறவு, தண்ணி நிக்கப் போற நேரத்துலதான் அந்த டப்பாவை யாராச்சும் பாக்காங்க. நான் பாத்தேன். இன்னையிலேர்ந்து குழாயில மொதல் குடம் காகுவுக்கு. நான் கொண்டுபோய் ஊத்துவேன். உளமார உறுதி சொல்லுதேன்."

அதையே ஹிந்தியில் சொன்னாள். கையை இறக்கினாள்.

வேண்டினால் ஆகட்டும் என்று சொல்வோம். இவள் ஒன்றும் வேண்டவில்லையே, இதற்கு என்ன பதில் சொல்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லோர் வீட்டுக் குடமும் அந்தக் குழாயடியில்தான் வரிசையாக இருந்தது. என் குடமும்தான்.

அண்ணாச்சி எழுந்தார். போச்சு, முறைப்படி வேண்டப்போகிறார், என் பேத்தி தலை குனிந்து நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஏ புள்ள, நீ பரீட்சைக்குப் போற நாள்ல யாரு ஊத்துவா?"

ஹர்ஷினி விழித்தாள். அதை அவள் யோசிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நான்" என்றாள் மைமூன், என் பக்கத்திலிருந்து.

"அப்ப திங்கக்கிழமை எனக்கு" என்றார் அண்ணாச்சி. "கடைய லேட்டாத்தான் தொறப்பேன்."

"நீரு ஏணியில ஏறுவீராவே? ஏணி தாங்குமா?" என்று பின்னாலிருந்து குரல். இவர் திரும்பி, "தாங்கலேன்னா கமிட்டியில புது ஏணி போடுதேன்வே!" என்றார். வடக்கத்திக்கார மனுஷன் ஒருவர் புதன்கிழமை என்றார். புதன் எங்களுக்கு என்று இன்னொரு வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். ஏலம் விடுகிற மாதிரி ஆகிவிட்டது. நானும் கையைத் தூக்கினேன்.

"நீங்க குடம் தூக்குவியளா மைனி?"

"தூக்க மாட்டேன். மொதல் குடத்தைக் குழாய்க்கு அடியில பிடிக்கது நான். எவ குடமாவது முன்னால வரட்டும், பாக்கேன்."

மேலே ஜன்னலிலிருந்து ஷிண்டே காகு ஒரு பக்கம் அழுகிறாள், ஒரு பக்கம் சிரிக்கிறாள். "அரே, மலா ஏவ்டா பாணி கஷாலா?" என்று கத்தினாள். எனக்கு எதுக்கப்பா இவ்வளவு தண்ணி!

பிள்ளை இன்னும் கம்பத்தடியிலேயே நிற்கிறாள், போகலாமா கூடாதா என்று தெரியாமல். வழக்கமாக முடிகிற மாதிரி முடியவில்லையே. எனக்குப் பொறுக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை: "அப்படியே ஆகட்டும்!"

சந்து முழுக்கச் சொன்னது. தேன்கூடு கலைந்தது. டீச்சரின் பிள்ளைகளும் சேர்ந்து சொன்னார்கள். அண்ணாச்சி குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கேசரி கொடுக்கும்போது டீச்சரிடம் கேட்டேன். என் ஹிந்தி அவளுக்குப் புரியும், அவள் ஹிந்தி எனக்குப் புரியும், இரண்டும் ஹிந்தி இல்லை. "டீச்சர், இப்ப நடந்தது பிரார்த்தனையா, உறுதிமொழியா?"

டீச்சர் வாயிலிருந்த முந்திரியை மென்று விழுங்கினாள். "எனக்கும் தெரியல ஆஜி. வகுப்புல பிள்ளைங்ககிட்ட கேட்கப்போறேன்" என்றாள். ஆஜி என்றால் மராத்தியில் ஆச்சி. கேட்டாளாம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடிக்கிறவரைக்கும் சண்டை போட்டதாம். நல்ல டீச்சர்.

8

இப்போது மாசி மாதம். நடக்கிறதா என்று கேட்பீர்கள். நடக்கிறது. ஒரு நாளும் தவறவில்லை என்று சொன்னால் பொய். ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி தூங்கிவிட்டார். காகு மேலேயிருந்து காலி டப்பாவைக் கயிற்றில் இறக்கி அவர் கடைக் கதவில் டங் டங் என்று தட்டினாள். சந்தே எழுந்துவிட்டது. அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏணி தாங்குகிறது.

தண்ணீர் முன்னே மாதிரிதான் வருகிறது. நல்லா வரணும் என்று அடுத்த முறைக்காரர் வேண்டத்தான் போகிறார், வேண்டட்டும். ஆகட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

தினமும் முதல் குடத்தைப் பிடிப்பது நான். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அம்மன் பெயரைச் சொல்லிக்கொள்வேன். குடம் நிறைகிறவரைக்கும் சொல்வேன். போன வாரம் ஹர்ஷினி குடத்தைத் தூக்கக் குனிந்தவள் கேட்டுவிட்டாள்.

"என்ன ஆச்சி முணுமுணுக்கீங்க?"

"ஒன் பங்கு தூக்கது. இது எம் பங்கு."

நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் நின்றாள், அப்புறம்தான் குடத்தைத் தூக்கினாள். அவள் தூக்குகிற நாளெல்லாம் இப்போதும் அப்படித்தான் நிற்கிறாள்.

எழுதி முடித்துவிட்டேன். மலர்க்காரர்களுக்கு அனுப்புகிறதற்கு முன்னால் ஒருதரம் காதால் கேட்டுவிட வேண்டும். போனை நோண்டிக்கொண்டு அந்த மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏட்டி ஹர்ஷினி, இங்க வா. இதை வாசி. மொதல்லேர்ந்து, மெதுவா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கோ. நீ கையை நீட்டுன இடத்தைச் சத்தமா வாசி, மைமூனுக்கும் கேக்கட்டும். அம்மன் பேரு வருத எடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்து, நான் சொல்லிக்கிடுதேன்.